இரண்டாக வெட்டிய அத்திக் குச்சி

முன்னொரு காலத்தில், ஒரு தேசத்தில், சிரிப்பதற்கென்றே சபை கூட்டுகிற ராஜா ஒருவர் இருந்தார். அவர் வாய்விட்டுச் சிரித்தால் கொட்டாரத்தில் கட்டியிருக்கும் யானை காதை ஆட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்கும் என்பார்கள். அந்த ராஜா ஒருநாள் சிரிப்பதை நிறுத்திவிட்டார். பட்டத்து ராணி கனகவல்லி நெடுநாள் காய்ச்சலில் கிடந்து, ஆடி மாதத்தில் கண்ணை மூடினாள். ராஜாவின் சிரிப்பும் அவளோடு போய்விட்டது.

நமக்கெல்லாம் துக்கம் வந்தால் வீட்டுக்குள்ளே வைத்து அழுதுவிட்டு, மறுநாள் தண்ணீர் எடுக்கப் போக வேண்டும். ராஜாவுக்குத் துக்கம் வந்தால் நாடே அதைச் சுமக்க வேண்டும். அரண்மனை மடைப்பள்ளியில் தாளிக்கிற சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று எண்ணெய் காய்வதற்கு முன்பே கடுகைப் போட்டார்கள். மேளக்காரர்கள் மேளத்தை உறையில் போட்டுக் கட்டிவிட்டார்கள். சபையில் இருந்த பெரிய மனிதர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ராஜா ஒரு சொட்டு விட்டால் அவர்கள் ஒரு குடம் விட்டார்கள். வீட்டுக்குப் போனதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வயிறு நிறையச் சாப்பிட்டார்கள்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணமான பெண் புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்போது, தாய்வீட்டு அத்திமரத்தில் ஒரு குச்சியை வெட்டி, ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போவாள். போன இடத்தில் அதை நட்டு மரமாக்குவாள். கனகவல்லி ராணி பிறந்த ஊர் அத்தி அப்படி இனிக்கும். அதன் விதையைப் போட்டால் மரம் வரும், அந்த இனிப்பு வராது. குச்சி வைத்தால்தான் அதே மரம், அதே பழம். ராணி மணப்பெண்ணாக வந்தபோது நகைப் பெட்டிகள் வண்டியில் பின்னால் வந்தன. குச்சி மட்டும் பல்லக்கில் அவள் மடியில் வந்தது. அந்தப்புர முற்றத்தில் அவளே மண்ணைக் கிளறி நட்டாள். மரமாயிற்று. பழுத்த காலத்தில் முதல் பழத்தைப் பிட்டு, புழு இருக்கிறதா என்று பார்த்து, ராஜா வாயில் போடுவாள்.

ராணி இறந்த அதே வருஷம் ஐப்பசியில் ஒரு புயல் அடித்தது. அத்திமரம் வேரோடு சாய்ந்தது. ராஜா மழையில் நனைந்துகொண்டே அந்த மரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். யார் குடை பிடித்தாலும் தள்ளிவிட்டார். கடைசியில் எழுந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"இந்த மரம் சாகக் கூடாது."

அரண்மனைத் தோட்டக்காரர்கள் மரத்திலிருந்து குச்சிகளை வெட்டி நட்டார்கள். அவர்கள் வேலையில் குறை ஒன்றும் இல்லை. வம்பு வேறு இடத்திலிருந்து வந்தது. ராஜா தினமும் காலையில் குளித்ததும் நேரே அங்கே வருவார். ஒவ்வொரு குச்சியையும் மண்ணிலிருந்து பிடுங்கி, அடியைத் திருப்பி, வேர் விட்டிருக்கிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால் திரும்ப அதே குழியில் செருகிவிட்டுப் போவார். மறுநாள் காலையிலும் அதே கதை. தினமும் பிடுங்கினால் குச்சி என்னத்தைப் பிடித்துக்கொண்டு வாழும்? ஒவ்வொன்றாக அழுகிப் போயிற்று.

இதை ராஜாவிடம் யார் சொல்வது? பிரதானி திருமேனி இருந்தார், நாட்டின் பெரிய மந்திரி. அவர் கைகட்டி நின்று, "மகாராஜாவின் திருக்கரம் பட்ட குச்சி பட்டுப்போகுமா? நட்டவன் கைராசிதான் சரியில்லை" என்றார். நட்டவனைச் சிறையில் போட்டார்கள். அடுத்தவன் நட்டான். அவனும் உள்ளே போனான். வைகாசி வந்தபோது தோட்டத்தில் வேலைக்கு ஆள் இல்லை, சிறையில் மட்டும் நல்ல தோட்டக்காரர்கள் நிறைய இருந்தார்கள். சாய்ந்து கிடந்த மரமும் காய்ந்துகொண்டே வந்து, மண்ணோடு ஒட்டியிருந்த பக்கத்தில் ஒரே ஒரு கிளை மட்டும் பச்சையாக மிஞ்சியது. அதிலிருந்து ஒரு முழக் குச்சிதான் வெட்ட முடியும்.

இந்த இடத்தில்தான் விகடன் சிற்றம்பலத்தின் பேச்சு எழுந்தது. சிற்றம்பலம் ராஜாவைச் சிரிக்க வைப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவன். ராஜா எதற்கும் முதலில் பிரதானியிடம் யோசனை கேட்பார். பிறகு, அந்த யோசனை சரிதானா என்று சிற்றம்பலத்திடம் கேட்பார். எந்தப் பிரதானிக்குத்தான் பொறுக்கும்? திருமேனிக்கு உள்ளுக்குள்ளே வெகுநாளாகப் புகைந்துகொண்டிருந்தது.

"மகாராஜா," என்றார் அவர் சபையில், "தோட்டக்காரர்களால் ஆகாதது நம் சிற்றம்பலத்தால் ஆகும். அவர் கல்லையும் சிரிக்க வைப்பவர். ஒரு குச்சியைத் துளிர்க்க வைக்க மாட்டாரா? ஒரு வருஷமாக வேலை இல்லாமல் சம்பளம் வேறு வாங்கிக்கொண்டிருக்கிறார்."

சபையோர் தலையை ஆட்டினார்கள். ராஜா அந்தக் கடைசிக் குச்சியைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். அவர் கண் இரண்டும் குழிவிழுந்து கிடந்தன.

"சிற்றம்பலம், உனக்கு இரண்டு கட்டளை. ராணியின் ஆண்டுத் திதிக்குள் இந்த அத்தி வேர் பிடித்தாக வேண்டும். அவள் சமாதிக்குப் பக்கத்தில் அதை நான் நட வேண்டும். இது ஒன்று. தினமும் காலையில், நான் தரும் பொன் தொட்டியில் இருக்கும் குச்சியை எடுத்து என் கையில் தர வேண்டும். வேர் வந்ததா என்று நான் பார்ப்பேன். இது இரண்டு. எது தவறினாலும் உன் தலை உனக்கு இல்லை."

சிற்றம்பலம் பணிந்து கேட்டான். "இரண்டும் தனித்தனிக் கட்டளைதானே, மகாராஜா?"

"தனித்தனியாகத்தான் சொன்னேன். உனக்குக் காது கேட்கவில்லையா?"

"எனக்குக் கேட்டது. பிரதானியாருக்கும் கேட்டதா என்று தெரிந்துகொண்டேன்."

"நன்றாகக் கேட்டது" என்றார் பிரதானி, சந்தோஷத்தை மறைக்க மாட்டாமல்.

ஆனால் தலையைப் பணயம் வைப்பதற்கு முன்பு, தன் தொழிலை ஒருதரம் செய்து பார்க்கலாம் என்று சிற்றம்பலத்துக்குத் தோன்றியது. அன்று மத்தியானம் ராஜா சாப்பிடும்போது எதிரே போய் உட்கார்ந்தான். ராஜா ஒரு கவளம் விழுங்கியதும், "கொஞ்சம் வாயைத் திறக்க வேண்டும், மகாராஜா" என்றான். ராஜா ஏதோ நினைவாகத் திறந்தார். சிற்றம்பலம் எட்டி உள்ளே பார்த்தான். அடுத்த கவளத்துக்கும் அப்படியே பார்த்தான்.

"என்ன செய்கிறாய்?"

"உள்ளே போன சோறு இரத்தமாகிவிட்டதா என்று பார்க்கிறேன். ஆகவில்லையென்றால் வெளியே எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்துவிடலாம்."

பழைய ராஜாவாக இருந்தால் இந்நேரம் புரையேறும்வரை சிரித்து, விஷயத்தையும் பிடித்துக்கொண்டிருப்பார். இந்த ராஜா இலையை மடித்துவிட்டு எழுந்தார். "உன் வேடிக்கையை இன்னொரு நாள் வைத்துக்கொள்" என்று மட்டும் சொன்னார். கோபம்கூட இல்லை. சிற்றம்பலம் அரைச் சாப்பாட்டில் எழுந்துபோன அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றான். தன் வாழ்நாளில் விட்ட ஒரு வேடிக்கைக்காக அவன் வெட்கப்பட்டது அன்றுதான்.

வீட்டுக்கு வந்தபோது அவன் மனைவி அங்கம்மை கொல்லையில் பானை கழுவிக்கொண்டிருந்தாள். அவன் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "என்னங்க, அரண்மனையில இப்பல்லாம் சம்பளத்துக்குப் பதிலா விறகு தர்றாங்களா?" என்றாள்.

"விறகு இல்லை அங்கம்மை. இதுதான் என் தலை."

உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது. "தெனமும் பிடுங்கியா பாக்கறாரு? நான் எங்கம்மா வீட்டுக் குச்சியை வெச்சப்ப, நீங்க ஒரு தரம் அசைச்சுப் பாத்ததுக்கே சாணிக் கையோட முதுகுல வெச்சேன். அந்த மாதிரி வெக்க அரண்மனையில யாரும் இல்லையா?"

"ராஜா முதுகுல வைக்க யாருக்குத் தைரியம் வரும்?"

"ராணியம்மா இருந்தா வெச்சிருப்பாங்க" என்றாள் அங்கம்மை. கனகவல்லி ராணியும் அவளும் ஒரே பக்கத்து ஊர்க்காரிகள். நவராத்திரியில் அரண்மனைக்குப் போனால், ராணி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ஊர்ப் பேச்சாகப் பேசிக்கொண்டிருப்பாள்.

சிற்றம்பலம் குச்சியை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தான். "இதை ரெண்டா வெட்டினா ரெண்டும் பிழைக்குமா?"

"கணு போதுமான அளவு இருக்கு. வெட்டி ஒழுங்கா வெச்சா பிழைக்கும்." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஏன்?"

"கட்டளை ரெண்டு. குச்சியும் ரெண்டாகட்டும். ஒண்ணு ராஜா கையில பிடுங்கிப் பாக்க. ஒண்ணு வேர் விட."

அங்கம்மைக்குப் புரிந்துவிட்டது. அரிவாள்மணையை எடுத்து வரப் போனவள் பாதியில் நின்றாள். "அப்ப ஒண்ணு சாகறதுக்குன்னு தெரிஞ்சேதானே அனுப்பறோம்? ராணியம்மா மடியில வந்த மரத்துக் குச்சிங்க."

"அவருக்குக் கையில பிடிச்சுப் பாக்க ஏதாவது ஒண்ணு வேணும் அங்கம்மை. அதைக் கொடுக்காட்டி ரெண்டையும் இழுத்துடுவாரு."

அவள் அரிவாள்மணையை எடுத்து வந்தாள். கணுவுக்குக் கீழே ஒரே வெட்டாக வெட்டினாள். இரண்டு முனையிலும் பால் சொட்டியது. நுனிப் பாதியை அரண்மனைக்கென்று ஒதுக்கினாள். அடிப் பாதியை நிழலில் வைத்துப் பால் காயவிட்டு, வெட்டுவாயில் சாம்பல் தொட்டாள். வாய் உடைந்த பழைய சோற்றுப் பானை ஒன்றின் அடியில் ஓட்டை போட்டு, ஆற்று மணலும் செம்மண்ணும் கலந்து நிரப்பி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டாள். தண்ணீர்ப் பானைகள் வைக்கும் மேடைக்கு அடியில், வெயில் படாமல் ஈரம் கசிகிற மூலையில் வைத்து, ஓலைக்கூடையைக் கவிழ்த்து மூடினாள். பிறகு புருஷனைப் பார்த்து விரலை ஆட்டினாள். "எட்டிப் பாத்தீங்க, ராஜா வெட்டறதுக்கு முன்னாடி நான் வெட்டிடுவேன்."

மறுநாளிலிருந்து அரண்மனையில் தினப்படி வழக்கம் தொடங்கியது. பொன் தொட்டியை ராஜா முன்னால் வைப்பார்கள். சிற்றம்பலம் குச்சியை எடுத்து அவர் கையில் தருவான். ராஜா அடியில் ஒட்டிய மண்ணைத் தன் பட்டு உத்தரீயத்தாலேயே துடைப்பார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "இன்னும் இல்லையா?" என்பார்.

"இன்னும் இல்லை, மகாராஜா."

கட்டளைப்படி நடக்கிறவனுக்கு அதில் சந்தோஷம் இருக்க வேண்டும். சிற்றம்பலத்துக்கு இல்லை. ராஜா குச்சியைப் பிடிக்கிற விதம் அப்படி. காய்ச்சல்காரரின் மணிக்கட்டில் நாடி பார்க்கிற மாதிரி பிடிப்பார். அதைத் தினமும் பக்கத்தில் நின்று பார்ப்பது, தலை போவதைவிடக் கஷ்டமாக இருந்தது அவனுக்கு.

ஒருநாள் காலையில் பொன் தொட்டிக் குச்சியின் நுனி மொட்டு பிரிந்து ஒரு பச்சை இலை எட்டிப் பார்த்தது.

ராஜா அதைப் பார்த்ததும் ஆசனத்தை விட்டு எழுந்துவிட்டார். ராணியின் தோழிமாரைக் கூப்பிட்டார், சேனாபதியைக் கூப்பிட்டார், வாசல் காவல்காரனைக் கூப்பிட்டார், எல்லோரும் வந்து பாருங்கள் என்றார். சபை முழுக்கச் சர்க்கரை வழங்கச் சொன்னார். பிரதானிக்கு முகம் கறுத்தது. இருந்தாலும், "நான்தானே சிற்றம்பலத்தைச் சொன்னேன்" என்று நினைவூட்டத் தவறவில்லை. ராஜா சிற்றம்பலத்தின் தோளில் கைபோட்டு, "உயிர் இருக்கிறது பார், உயிர் இருக்கிறது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவன் வீட்டுக்கு வந்து அங்கம்மையிடம் சொன்னான். அவள் கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தாள்.

"அது வேர் விட்ட துளிர் இல்லைங்க. உடம்புல மிச்சமிருந்த பாலு. அதைச் செலவழிச்சு ஒரு எலை விடும், அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஒண்ணும் இருக்காது."

"தெரியும்."

"சொன்னீங்களா?"

"சொல்லலை. இன்னிக்கு அவரு சாப்பாட்டுல ரெண்டாந்தரம் மோர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு அங்கம்மை. ஒரு வருஷத்துக்கு அப்புறம்."

அன்றைக்கு அவர்கள் வீட்டில் சமைத்தது அப்படியே இருந்தது.

இலை சில நாள் நின்றது. பிறகு ஓரம் கருகி, தலை தொங்கி, ஒரு காலையில் ராஜாவின் உள்ளங்கையிலேயே உதிர்ந்தது. குச்சியை நகத்தால் கீறிப் பார்த்தார். உள்ளே பழுப்பு. ஆண்டுத் திதிக்கு முதல்நாள் அது.

பிரதானி திருமேனி அந்தக் குச்சியைக் கையில் வாங்கி, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து அளந்தார்.

"மகாராஜா, தாங்கள் கொடுத்தது ஒரு முழம். இது ஒரு ஜாண்தான் இருக்கிறது. ஜாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள், ஆனால் முழம் எப்படி ஜாணாகச் சறுக்கும்? மீதிக் குச்சி எங்கே என்று சிற்றம்பலத்தைக் கேட்க வேண்டும். ராணியம்மாவின் மரத்தை வெட்டித் திருடியிருக்கிறார்."

ராஜா தலையைத் தூக்கினார். "வெட்டினாயா?"

"வெட்டினேன், மகாராஜா. மீதி என் வீட்டில் இருக்கிறது."

காவலர்கள் ஓடினார்கள். அவர்கள் பானையைத் தூக்குவதற்கு அங்கம்மை சம்மதிக்கவில்லை. தானே அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, தெருவழியே நடந்து சபைக்கு வந்தாள். தங்கத் தூண்களுக்கு நடுவே அந்த வாய் உடைந்த சோற்றுப் பானையை இறக்கி வைத்து, கூடையை எடுத்தாள்.

சிற்றம்பலமே அன்றுதான் முதல் தடவையாக அதைப் பார்த்தான். துளிர் இல்லை. இலை இல்லை. குச்சி நட்டபடியே நின்றது. நுனியில் ஒரு மொட்டு மட்டும், அதுவும் இறுக மூடியபடி.

"சொல்" என்றார் ராஜா.

"மகாராஜா தந்தது இரண்டு கட்டளை. தனித்தனிக் கட்டளை என்று தாங்களே சொன்னீர்கள், பிரதானியாருக்கும் நன்றாகக் கேட்டது. பொன் தொட்டியில் இருக்கும் குச்சியைத் தினமும் கையில் தர வேண்டும் என்றீர்கள். ஒருநாள் தவறாமல் தந்தேன். அத்தி வேர் பிடிக்க வேண்டும் என்றீர்கள். அது எந்தத் தொட்டியில் என்று சொல்லவில்லை. ஒரே குச்சி இரண்டு கட்டளைக்கும் பணிய முடியாது, மகாராஜா. தினமும் பிடுங்கப்படுகிற குச்சி வேர் விடாது. அதனால் ஒரு பாதியைத் தங்கள் துக்கத்துக்குக் கொடுத்தேன். மறுபாதியை ராணியாருக்காக வைத்துக்கொண்டேன்."

பிரதானி முன்னால் வந்தார். "பேச்சு அழகாக இருக்கிறது. வேர் பிடித்திருக்கிறது என்பதற்கு என்ன அத்தாட்சி? பிடுங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும், மகாராஜா. வேர் இருந்தால் அவர் தலை தப்பும். இல்லையென்றால் நாளைக்குத் திதிக்கு முன்பே கணக்குத் தீரும்."

ராஜா எழுந்து பானை அருகே வந்தார். பிடுங்கிப் பிடுங்கிப் பழகிய கை. குனிந்து குச்சியின் மேல் விரலை வைத்தார்.

"தொடாதீங்க, மகாராஜா" என்றாள் அங்கம்மை.

அந்தச் சபையில் அந்த வார்த்தையை அவரிடம் யாரும் சொன்னதில்லை. ராஜா விரலை எடுக்காமல் அவளைப் பார்த்தார். "வேர் வந்துவிட்டதா?"

"தெரியாது, மகாராஜா. நான் பாக்கலை."

"பார்க்காமல் எப்படியம்மா இருக்க முடிகிறது?"

"கஷ்டமாத்தான் இருக்கு" என்றாள் அவள். "வந்தாலும் இப்ப நூல் மாதிரி இருக்கும். இழுத்தீங்கன்னா அறுந்துடும்."

சிற்றம்பலம் பானைக்கும் ராஜாவுக்கும் நடுவே மண்டியிட்டான்.

"மகாராஜா, ஒரு சின்ன விண்ணப்பம். இப்போது பிடுங்கி, வேர் இருந்தால் என் தலை பிழைக்கும், மரம் சாகும். வேர் இல்லையென்றால் என் தலையும் போகும், மரமும் சாகும். லாபம் வந்தால் என் தலைக்குத்தான், நஷ்டம் எப்படிப் பார்த்தாலும் மரத்துக்குத்தான். இவ்வளவு சின்னத் தலைக்கு இது ரொம்பப் பெரிய விலை. அதனால் வேர் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். தலையை எடுத்துக்கொள்ளுங்கள். குச்சியை மட்டும் விட்டுவிடுங்கள்."

"என்னங்க" என்றாள் அங்கம்மை.

"தலையை அவசரப்பட்டுத் திரும்பப் பிடுங்கிப் பார்க்க வேண்டியதில்லை" என்று சிற்றம்பலம் சேர்த்துக்கொண்டான். "அது வேர் விடாத ஜாதி."

ராஜாவின் தொண்டையில் ஏதோ ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று முதலில் நினைத்தார்கள். அது சிரிப்பு. ஒரு வருஷமாக வெளியே வராமல் துருப்பிடித்துக் கிடந்த சிரிப்பு. தன் தலையை விற்க வந்து, அதிலும் பேரம் பேசிக்கொண்டிருக்கிற இந்த மனிதனைப் பார்த்து ராஜா சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். சபையும் வழக்கம்போலக் கூடச் சிரிக்கத் தொடங்கியது. ஆனால் ராஜாவின் சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று யாருக்கும் தெரியவில்லை. இவர்கள்தான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

ராஜா தரையில் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். விரல் குச்சியை விட்டிருந்தது.

"அவளுக்கும் நான் இதைத்தான் செய்தேன்" என்றார். "வைத்தியர் அவளைத் தூங்கவிடச் சொன்னார். என்னால் முடியவில்லை. அவள் அசையாமல் கிடந்தால் எனக்குப் பயம். கன்னத்தைத் தட்டி எழுப்புவேன். 'கனகா, எப்படி இருக்கிறது?' என்பேன். 'நன்றாக இருக்கிறது' என்பாள். போவேன், திரும்ப வருவேன், திரும்ப எழுப்புவேன். ஒருநாள் எனக்காகத் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, பூ வைத்துக்கொண்டு, சிரித்துப் பேசினாள். குணமாகிவிட்டது என்று ஊருக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தேன். அதற்குப் பிறகு அவள் எழவில்லை."

பொன் தொட்டிக் குச்சியிலிருந்து உதிர்ந்த இலை இன்னும் அவர் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் நிமிர்ந்து சிற்றம்பலத்தைப் பார்த்தார். "நீ எதற்கும் பதில் வைத்திருப்பவன். சொல். நான் எழுப்பாமல் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளா?"

சிற்றம்பலத்திடம் அப்போது கைவசம் வேடிக்கை ஒன்றும் இல்லை. பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தான். பிறகு மெல்லச் சொன்னான்.

"பிழைத்திருக்க மாட்டார்கள், மகாராஜா. அந்தக் காய்ச்சலில் யாரும் பிழைத்ததில்லை. கொஞ்சம் தூங்கியிருப்பார்கள்."

பிரதானி திருமேனி ராஜாவின் வாளுறையின் பக்கம் பார்த்தார். இந்த வார்த்தைக்கு நிச்சயம் தலை போகும் என்று அவர் கணக்கு. ராஜா எழுந்தார். பிறகு தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சிற்றம்பலத்தின் கழுத்தில் போட்டார். அங்கம்மைக்குத் தன் மோதிரத்தைக் கொடுத்தார். சிறையிலிருந்த தோட்டக்காரர்களையெல்லாம் அவர்கள் வீட்டுக்கே பல்லக்கில் அனுப்பச் சொன்னார்.

பிரதானியையும் அவர் மறக்கவில்லை. "திருமேனி, பொன் தொட்டியையும் அதிலிருக்கும் குச்சியையும் உமக்கே தந்தேன். தினமும் காலையில் குளித்ததும் பிடுங்கிப் பாரும். வேர் வந்தால் வந்து சொல்லும். அதுவரை சபைக்கு வர வேண்டாம்" என்றார். சிற்றம்பலம் வாயை மேல்துண்டால் மூடிக்கொண்டான். ராஜா இன்னொரு தரம் சிரித்தார். இந்தத் தடவை கொட்டாரத்து யானைக்குக் கேட்டிருந்தாலும் கேட்டிருக்கும்.

மறுநாள் ஆண்டுத் திதி. ராணியின் சமாதிக்கு ராஜா செடி இல்லாமல் வெறுங்கையோடு போய், வெறுங்கையோடு திரும்பினார். சோற்றுப் பானை பழைய மூலைக்கே போய், கூடைக்குள் ஒளிந்துகொண்டது. அதிலிருந்த குச்சி மழைக்காலத்தில் சமாதிக்குப் பக்கத்தில் மண்ணில் இறங்கியதும், மரமானதும், அதன் பழத்தைக் காக்கையும் குழந்தைகளும் போட்டி போட்டுத் தின்றதும் பிற்பாடு நடந்தவை. அதற்கு முன்னால் இருந்த அந்த நாட்களைத்தான் ஊரார் அதிகம் பேசினார்கள்.

ராஜா தினமும் காலையில் குளித்ததும், பரிவாரம் இல்லாமல், சிற்றம்பலம் வீட்டுக் கொல்லைப் படலுக்கு வெளியே வந்து நிற்பார். உள்ளே வர மாட்டார். எட்டிப் பார்க்கவும் மாட்டார். கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "அங்கம்மை, எப்படி இருக்கிறது?" என்பார்.

"தூங்குதுங்க, மகாராஜா" என்பாள் அவள்.

"நல்லது. எழுப்பாதே" என்று சொல்லிவிட்டு ராஜா வந்த வழியே திரும்பி நடப்பார்.